சூடான டிரம்மில் ஊற்றிய தண்ணீர்

வேலாயுதம் மெசபடோமியாவுக்குப் போய் வந்தவர். முதல் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரிகளை ரிப்பேர் பார்க்கும் பிட்டராக இருந்துவிட்டு, ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார். பத்து வருஷத்துக்குள் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிகள் ஒவ்வொருவராக மோட்டார் வாங்கினார்கள். ஓடும் வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே சீக்கைச் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பேர். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்வதில் அவருக்கு வெறியே உண்டு.

முப்பத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஷாப்பு முதலாளி அப்துல் வஹாப் சாயபுவின் கார் வந்தது. ஓட்டி வந்தவர் சாயபுவின் டிரைவர் ஹபீப், வேலாயுதத்தின் பக்கத்து வீட்டுக்காரர், தோஸ்த்.

"ஓடறப்ப ஒண்ணும் இல்ல, வேலு. பிரேக்குல கால வெச்சா போதும், ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. வேற ரெண்டு எடத்துல காட்டியாச்சு. டயர மாத்தினாங்க, கிரீஸ் போட்டாங்க. மொதலாளி பேஜார் ஆயிட்டாரு."

இருவரும் மாதனூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். வேலாயுதம் கால் பிரேக்கை மிதித்தார். பெடல் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பி உதைத்தது. அப்புறம் கால் பிரேக்கைத் தொடாமல் கை பிரேக்கை மட்டும் இழுத்தார். அது பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். வண்டி ஆட்டமில்லாமல் நின்றது.

"பின்னால கோளாறு இல்ல. முன் சக்கரந்தான்" என்றார்.

கொட்டகைக்கு வந்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் பிடிக்கும் இரும்பு டிரம்மைக் கையால் சுற்றி, அதன் மேல் சாக்குக்கட்டியை அசையாமல் நீட்டினார். கோடு முழு வட்டமாக விழவில்லை. எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் விழுந்தது. வலப் பக்க டிரம்மிலும் அப்படியே. வட்டமாக இருக்க வேண்டிய டிரம்கள் கோணிப்போயிருந்தன.

ஏன் கோணின என்பதும் அவருக்குத் தெரிந்தது. முந்தின மாதம் ஹாரன் ரிப்பேருக்கு அவர் சாயபு வீட்டுக்குப் போயிருந்த நாளில், தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டைக்கு விலை பேசி முடித்துவிட்டு, ஆலங்காயத்து மலைப்பாதையில் காரில் இறங்கி வந்திருந்தார் சாயபு. சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாசனை. "கொஞ்சம் ஆறட்டும்" என்றார் ஹபீப். "சேறு காயறதுக்குள்ள தண்ணிய ஊத்துடா!" என்று வாசலில் நின்று கத்தினார் சாயபு. நாலு வாளித் தண்ணீர், புஸ்ஸென்று ஆவி.

மறுநாள் சாயபுவே கொட்டகைக்கு வந்தார்.

"இன்னா கண்டுபிடிச்ச?"

"டிரம் கோணிப்போச்சு, மொதலாளி. சூட்டோட சூடா பச்சத் தண்ணி பட்டிருக்குது."

இரண்டு பேர் தோற்ற இடத்தில் ஜெயித்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. சாயபு ஹபீப் பக்கம் திரும்பினார். "சூட்டுல தண்ணி ஊத்தினியா?"

"நீங்கதான ஊத்தச் சொன்னீங்க, சாயபு."

"நானா? என் வண்டியக் கெடுத்துட்டு என் மேலயே போடறியா?"

ஹபீப் திரும்பிப் பார்த்தார். "வேலு, அன்னிக்கு நீ அங்கதான இருந்தே. சொல்லு."

சாயபு வீட்டில் மட்டும் மூன்று மோட்டார். அவர் சொந்தக்காரர்கள் வீடுகளில் இன்னும் ஐந்து. வேலாயுதம் கையிலிருந்த துணியால் ஸ்பானரைத் துடைத்தார்.

"நான் ஹாரனப் பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

ஹபீபுக்கு அன்றே வேலை போயிற்று. வண்டியைக் கெடுத்தவன் என்று பேர் பரவியதில் வேறு யாரும் சாவியைத் தரவில்லை. கடைசியில் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டப் போனார். ஹபீபின் மனைவி தில்ஷாத் ஒருநாள் வேலாயுதத்தின் வாசலில் வந்து நின்று, "கண்ணால பாத்தத சொல்றதுக்கு இன்னாண்ணா பயம்?" என்று மட்டும் கேட்டாள்.

வேலாயுதம் டிரம்களைக் கடைசல் பிடித்து வட்டமாக்கி மாட்டினார். ஆட்டம் நின்றது. நாலே மாதத்தில் புது டிரைவர் அதே காரை அதே ஆட்டத்தோடு கொண்டுவந்தான். இந்த முறை வேலாயுதம் சாயபு வீட்டுக்கே போனார். வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே போனார்.

"மொதலாளி, மலையிலேந்து வந்த ஒடனே தண்ணி ஊத்தச் சொல்லாதீங்க. அதான் கோணுது. அன்னிக்கும் அதான்."

சாயபு கோபப்படவில்லை. "அப்படியா? அத அப்பவே சொல்றதுக்கு இன்னா? இனிமே ஆறவெச்சே கழுவச் சொல்றேன்" என்றார்.

"ஹபீப திருப்பிக் கூப்ட்டுக்கலாம், மொதலாளி."

"இப்ப இருக்கறவன் நல்லாத்தான் ஓட்றான். விடு."

வேலாயுதம் அங்கிருந்து நேராகச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஹபீபின் விரல் இடுக்குகள் வெந்து வெளுத்திருந்தன. கேட்டு முடித்தவர், "சரிங்க" என்றார். வேலு என்று கூப்பிடவில்லை. குனிந்து அடுத்த தோலைப் புரட்டினார்.

அதற்குப் பிறகும் ஏழு வருஷம் இருவரும் அடுத்தடுத்த வீட்டில்தான் இருந்தார்கள். எதிரே பார்த்தால் ஹபீப் சலாம் வைப்பார், கொட்டகைக்கு வரும் எந்த முதலாளிக்கும் வைப்பதைப் போல.