தானாக வந்து நின்ற ஸ்கூட்டர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில் எங்கள் வாகனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. நான் போலீஸில் பெண் ஏட்டு. மலிவு மதுவுக்குப் பேர்போன பாண்டிச்சேரி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் ஊர் போலீசுக்கு ஒரு தனித் திறமை உண்டு. பையைத் திறக்கவே வேண்டாம். வண்டி குலுங்கும்போது கண்ணாடி உரசும் சத்தத்தை வைத்தே உள்ளே சரக்கு இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். பின்னால் அவர் மகன், இருபத்தைந்து வயது மதிக்கலாம், நல்ல வாட்டசாட்டம். மடியில் ஒரு துணிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை காட்டினேன். வண்டி நின்ற குலுக்கலில் பைக்குள் கண்ணாடிச் சத்தம். வழக்கம்போல முதலில் சாவியைப் பிடுங்கினேன். அப்படிப் பிடுங்கச் சொல்லி எங்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. கை தானாகப் போய்விடும்.

"பையில என்னாப்பா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, அச்சு அசலாக என் குரலில், "பையில என்னாப்பா?" என்றான்.

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "என்னா, கிண்டலா?" என்றேன். அதற்கும் "என்னா, கிண்டலா?" என்றே பதில் வந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? குடித்துவிட்டுத் திமிர் காட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். "மேடம், ஒரு நிமிஷம், நான் சொல்றேன்" என்று அவன் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அவன் அலறினான். பை கீழே விழுந்து உள்ளே ஏதோ நொறுங்கியது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடினான். சிதம்பரத்திலிருந்து வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. பஸ்ஸுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

கான்ஸ்டபிள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு துரத்தக் கிளம்பினார். "ஊதாதீங்க! புடிக்காதீங்க! தொட்டா இன்னும் ஓடுவான்!" என்று அப்பா கத்தினார். அவர் ஓடவில்லை. நான் இரண்டு பக்கமும் வண்டிகளை மறிக்க, மெதுவாக நடந்து போனார். எதிர்ப்புறம் இருந்த சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரோரம் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்த மகனுக்கு இரண்டடி தள்ளித் தானும் தரையில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் அங்கேயே இருந்தார்.

அதற்குள் நான் பையைத் திறந்து பார்த்தேன். காலி ஊறுகாய் பாட்டில்கள். பளபளவென்று கழுவித் துடைத்து, அளவு பார்த்து அடுக்கியிருந்தது. ஐந்து உடைந்திருந்தன. என் கர்வம் அங்கேயே செத்தது.

மகன் அமைதியானதும் அப்பா வந்தார். "அவனுக்கு ஆட்டிசம் இருக்கு மேடம். பயந்துட்டான்னா நாம கேக்கறதயே திருப்பிச் சொல்லுவான், கிண்டல் இல்ல. சிதம்பரத்துல ஊறுகா போடற எடத்துல புதன்கிழமைக்குப் புதன்கிழமை வேல. பாட்டில கழுவி எடுத்துனு போறது அவன் பொறுப்பு. வேற யாரையும் தொட வுடமாட்டான்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "இன்னிக்கி நான் இருக்கேன், சொல்லிட்டேன். நான் போனப்புறம் அவன யாராச்சும் நிறுத்துனா யாரு மேடம் சொல்லுவா?" என்று மட்டும் கேட்டார். சாவியை நீட்டினேன்.

அடுத்த புதன்கிழமை நான் கை காட்டாமலேயே அந்த ஸ்கூட்டர் தானாக வந்து ஓரமாக நின்றது.

"எங்கள செக் பண்ணுங்க மேடம். வாரா வாரம் பண்ணுங்க. அவனுக்குப் பழகணும்" என்றார்.

பயந்து ஓடிய இடத்துக்கே பெற்ற பிள்ளையைக் கூட்டிவந்து நிறுத்த எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மகன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான். என்ன செய்வது என்று அவரே எனக்குச் சொல்லித் தந்தார். நேருக்கு நேர் நிற்காதீர்கள், குரலை இறக்குங்கள், செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு கேள்வி கேட்டால் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். போலீஸ்காரியைப் பத்து எண்ணச் சொன்னால் நடக்கிற காரியமா? முதல் வாரம் நாலு எண்ணுவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை. கூட இருந்த காவலர்களையும் ஒவ்வொருவராக அவனைச் சோதிக்க வைத்தேன்.

எட்டு வாரம் இருக்கும். அன்றைக்கு வேண்டுமென்றே நான் தள்ளி நின்றுகொண்டு, புதிதாக வந்திருந்த ஒரு காவலரிடம் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். அந்தப் பிள்ளை பார்த்தே இராத முகம்.

"தம்பி, பையப் பாக்கணும். நீங்களே தொறந்து காட்டுங்க" என்றார் காவலர், தாழ்ந்த குரலில். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஆறு, ஏழு, எட்டு. அவன் கை அப்பாவின் சட்டையை விட்டது. பையைத் தானே திறந்தான். "காலி பாட்டில். ஊறுகாய்க்கு" என்றான்.

"போலாம் தம்பி" என்றார் காவலர். அவ்வளவுதான் நடந்தது. அப்பா ஹெல்மெட்டோடு தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது. பழகிக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள், வாரா வாரம் பயத்தை விழுங்கிக்கொண்டு வந்து நின்றதோ அந்தப் பிள்ளை.