நான் கொடுத்த வியாழக்கிழமைக் கதை

எங்கள் வாசிகசாலைக்குப் பெரியவர்கள் பத்திரிகை பார்க்க வருவார்கள். பிள்ளைகள் பயப்படவும் அழவும் வருவார்கள். இதை நான் நிர்வாகக் கூட்டத்தில் சொன்னபோது தலைவருடைய முகம் கறுத்துவிட்டது. பிள்ளைகள் பொது அறிவு வாசிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. நாற்பது பொது அறிவுப் புத்தகங்கள் அலுமாரியில் அப்படியே இருக்கின்றன, தூசு தட்டுவதற்காக மட்டும் நான் அவற்றைத் தொடுகிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அச்சுவேலிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் புத்தகம் கொடுத்து வாங்குவதுதான் என் வேலை. பின்னேரம் இரண்டு ரியூசன் வகுப்புகளுக்கு நடுவில் பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் கிடைக்கும். சைக்கிள்களைச் சுவரில் சாத்திவிட்டு வருவார்கள். பதினாலு, பதினைந்து, பதினாறு வயது. கேட்பது ஒன்றுதான்.

"அன்ரி, திறில்லா இருக்கவேணும். ஆனால் அழுகையும் வரவேணும்."

"ரெண்டும் ஒண்டா வேணுமோ?"

"ஓம் அன்ரி. ஒண்டு மட்டுமெண்டால் வேண்டாம்."

கேட்கத் தெரிந்த பிள்ளைகள். அந்த வயதுக்கு எது வேண்டும் என்று எந்தக் கூட்டமும் போடாமல் அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நானும் என் பங்குக்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். புத்தகத்தைக் கையில் எடுத்துக் கதையைச் சொல்லத் தொடங்குவேன். முதல் முடிச்சு விழுகிற இடம் வரை சொல்லுவேன். பிறகு திகதி முத்திரையை எடுத்து வேறு வேலை பார்ப்பேன். "பிறகு அன்ரி?" என்பார்கள். "பிறகு எனக்கு வேலை கிடக்கு" என்பேன். புத்தகம் போய்விடும்.

முடிவு தெரியாத புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் எனக்கு இருந்தது. அது பட்டுத் தெரிந்துகொண்டது. நாய் சாகிற கதை ஒன்றை, வீட்டு நாய் செத்த கிழமையிலேயே ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை. தாய்க்காரி வந்து பத்திரிகை வாசிக்கிறவர்கள் முன்னிலையிலேயே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். அன்று முதல் எந்தக் கதையும் கடைசி வரி வரை நான் வாசித்த பிறகுதான் அலுமாரிக்குப் போகும்.

அந்தக் கட்டுப்பாட்டை நானே ஒருமுறை மீறினேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஒரு பெட்டி நிறையப் புதிய நாவல்கள் அனுப்பியிருந்தார். ஒன்றில் மட்டும் இரண்டு பிரதிகள் இருந்தன. மலைநாட்டு ஊர் ஒன்றில் தாயும் மகளும் தனியே வாழ்கிறார்கள். மகளுக்குப் பதினைந்து வயது. தாய் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நல்ல சேலை உடுத்து எங்கேயோ போய் வருகிறாள். எங்கே என்று சொல்வதில்லை. கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். ஒரு வியாழக்கிழமை மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அதே பஸ்ஸில் பின் இருக்கையில் மறைந்திருந்து போகிறாள். தாய் இறங்குகிறாள், இவளும் இறங்குகிறாள். நான் வாசித்தது அதுவரைதான். நூறு பக்கம். மூச்சு விடாமல் வாசித்த நூறு பக்கம்.

பெட்டி வந்த செய்தி கேட்டு நாலு பிள்ளைகள் வந்து நின்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா? பஸ் நின்ற இடம் வரை சொல்லிவிட்டு முத்திரையை எடுத்தேன்.

"அப்ப அந்த அம்மா எங்கைதான் போறவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதையும் சொன்னால் பிறகு நீ ஏன் வாசிக்கிறாய்?" என்றேன். எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம்.

நாலு பேரில் அதிகம் கதைக்காத பிள்ளை ஒருத்தி, ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள். நான் கொடுக்கிற எல்லாப் புத்தகத்தையும் பழைய கலண்டர் தாளால் உறை போட்டுத் திருப்பித் தருகிறவள் அவள். சரியான ஆளின் கையில்தான் போகிறது என்று எனக்குப் பெருமை வேறு.

அடுத்த கிழமை மற்றப் பிரதியை எடுத்து மீதியை வாசித்தேன். சனிக்கிழமை காலை, வாசிகசாலை மேசையில் இருந்தபடி. தாய் போகிற இடம் ஆசுப்பத்திரி. அவளுக்கு மாறாத வருத்தம், குணமாகாத நோய். மகளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் நல்ல சேலையும் பொய்யும். கடைசி அத்தியாயத்தில் ஒரு வியாழக்கிழமை அவள் இறந்துபோகிறாள். அதோடு நாவல் முடிகிறது. நான் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். "கண்ணுக்கை ஏதும் விழுந்திட்டுதோ பிள்ளை?" என்று ஒரு கிழவர் கேட்டார். "ஓம் ஐயா" என்றேன்.

நல்ல கதை, நாலு பேருக்கும் பிடிக்கும் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த நாலு பேரில் ஒருத்தி வந்தாள். புத்தகம் கொண்டுபோனவள் வாசித்து முடித்துவிட்டாளா என்று கேட்டேன்.

"அவள் இப்ப ரியூசனுக்கும் வாறேல்லை அன்ரி. அவளின்ரை அம்மாவுக்கு அந்த வருத்தம். இனி வீட்டை வைச்சுப் பாக்கச் சொல்லி ஆசுப்பத்திரியிலை சொல்லிப் போட்டினமாம்."

'அந்த வருத்தம்' என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான். அதன் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை.

நாய் செத்த கதை கொடுத்ததற்கே அந்தப் பேச்சு வாங்கினேன். இப்போது என்ன செய்து வைத்திருக்கிறேன்? அந்தப் பிள்ளை முடிவை வாசிக்கும் முன் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. சிரிப்புக் கதை ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் ஞாயிறு காலையிலேயே ஸ்கூட்டியை எடுத்தேன்.

வெங்காயத் தோட்டங்களைத் தாண்டிக் கடைசி வீடு. தகப்பன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போயிருந்தார். முன் அறையில் கட்டிலில் தாய் தலையணையில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பக்கத்தில் கதிரையில் மகள். அவள் மடியில் கலண்டர் தாள் உறை போட்ட என் புத்தகம்.

"வாங்கோ அக்கா, இருங்கோ" என்றார் தாய். "நீங்கள் குடுத்த புத்தகத்தைத்தான் வாசிக்கிறம். எனக்கு இப்ப கண் சரியாத் தெரியுதில்லை. இவள் வாசிக்க நான் பயன் சொல்லுறன். கோயிலிலை புராணம் படிக்கிற மாதிரி."

புராணப் படிப்பு எங்கள் பக்கக் கோயில்களில் இன்றைக்கும் இருக்கிறது. ஒருவர் பாட்டைப் படிப்பார். மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்லுவார். அதற்குப் பெயர் பயன் சொல்லுதல். ஒரு திறில்லர் நாவலுக்கு யாரும் பயன் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

"வேறை ஒரு பிள்ளை உந்தப் புத்தகத்தைக் கேட்டு நிக்கிறாள்" என்று கூசாமல் பொய் சொன்னேன். "அதுதான் வாங்கிக்கொண்டு போவமெண்டு வந்தனான்."

"இன்னும் பத்துப் பக்கம்தான் கிடக்கு. முடிச்சுப்போட்டுத் தாறம் அக்கா. பிள்ளை, அன்ரிக்குத் தேத்தண்ணி போடு."

நானும் அவள் பின்னால் குசினிக்குப் போனேன். குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அதின்ரை முடிவு நல்லாயில்லை. நிப்பாட்டு" என்றேன்.

"எனக்குத் தெரியும் அன்ரி. நான் கொண்டுவந்த அண்டைக்கே வாசிச்சு முடிச்சிட்டன்." கேத்தலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் பிள்ளை அம்மாவுக்கு வாசிச்சனீ?"

"என்ன வாசிக்கிறாய் எண்டு அம்மா கேட்டவ. தொடங்கிட்டன். இப்ப நிப்பாட்டினால் ஏனெண்டு கேப்பா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

அந்த வீட்டில் யாரும் அந்த வருத்தத்தைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை என்பது எனக்கு அப்போது விளங்கிவிட்டது. கதையை நிறுத்துவதே அதைச் சொன்னதாகிவிடும். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு வந்து இருந்தேன்.

அவள் வாசித்தாள். நான் முந்தின நாள்தான் வாசித்திருந்தேன், அதனால் எந்த வரி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லையாவது மாற்றுவாள், ஒரு பக்கத்தையாவது தாண்டுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை. ஆசுப்பத்திரிக் கட்டில், ஜன்னல், வியாழக்கிழமை மழை, தாயின் கை குளிர்ந்தது, எல்லாவற்றையும் அச்சில் இருந்தபடியே வாசித்தாள். குரல் ஓரிடத்தில் நின்றது. அதே வரியை மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தாள். கடைசி வரியும் முடிந்தது.

தாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெளியே தண்ணீர் இறைக்கிற மோட்டர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாவிலை நிப்பாட்டக் கூடாது பிள்ளை" என்றார் தாய். "மேலை வாசி."

அது கோயில் வழக்கம். கதையில் ஒரு சாவு வருகிற இடத்தில் அன்றைய படிப்பை முடிக்க மாட்டார்கள். நேரம் போனாலும், மங்கலமாக ஏதும் வருகிற பாட்டு வரை படித்துத்தான் ஏட்டை மூடுவார்கள். ஆனால் இந்தப் புத்தகத்தில் மேலே ஒன்றும் இல்லை. அடுத்த தாள் வெறும் வெள்ளை. அதற்குப் பின்னால் பதிப்பகத்தாரின் விளம்பரம். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பிள்ளை தாளைத் திருப்பிவிட்டாள். அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக் குனிந்தாள். அதே வாசிக்கிற குரலில், அதே எழுத்து நடையில், வாசிக்கத் தொடங்கினாள்.

"வெள்ளிக்கிழமை விடிந்தது. அவள் எழும்பினாள். எழும்ப முடியாது என்று நினைத்திருந்தாள், ஆனால் எழும்பினாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அப்பாவுக்குச் சீனி குறைத்துத் தேத்தண்ணி போட்டாள்."

அந்த நாவலில் அப்பாவே கிடையாது. தாய் கண்ணைத் திறக்கவில்லை.

"முதல் நாள் கறிக்கு உப்புக் கூடிவிட்டது. அடுத்த நாள் குறைந்துவிட்டது. மூன்றாம் நாள் சரியாக வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்."

"தகப்பனோடை கதைக்கிறாளோ?" என்று தாய் கேட்டார்.

பிள்ளை தாளில் தேடினாள். விரலை வைத்து மெய்யாகவே தேடினாள். "ஓம் அம்மா. 'பின்னேரங்களில் இருவரும் வெங்காயப் பாத்தியடியில் இருந்து பேசினார்கள்' எண்டு கிடக்கு."

"தலைமயிர் ஆர் பின்னி விடுறது?"

"'அவள் தானே இரட்டைப் பின்னல் பின்னப் பழகினாள். ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது' எண்டு போட்டிருக்கு."

தாயின் முகத்தில் சிரிப்பு வந்தது. "சோதினை?"

"'சோதனைக்குப் போனாள். கணக்கில் ஒரு கேள்வி விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் செய்தாள்.'"

"அழுறேல்லையோ அவள்?"

அவள் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். "'அழுதாள். கிணற்றடியில் அழுதாள். பஸ்ஸில் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.'"

இத்தனை காலம் பிள்ளைகளுக்குக் கதை கொடுத்து வாங்கிய எனக்கு, ஒரு கதை எதற்காக என்று தெரியும் என்ற எண்ணம் இருந்தது. அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்று பட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை, எழுத்தில்லாத தாளில் கண்ணை ஓடவிட்டு, தாய்க்கு வேண்டிய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறாள். தாய் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மகள் தடையில்லாமல் சொல்லட்டும் என்றுதான் அவர் கண்ணை மூடியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. நான் கைகூப்பாத குறைதான்.

"பயன் சொல்லுங்கோ அம்மா" என்றாள் பிள்ளை.

தாய் கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். அவள் மடியில் விரிந்து கிடந்த வெள்ளைத் தாளையும் பார்த்தார். கண் சரியாகத் தெரியாதவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"பயன் என்னெண்டால்," என்றார், "அந்தத் தாய் பயந்துபோய்த்தான் இருந்தவள். தான் இல்லாமல் பிள்ளை என்ன செய்யப்போகுதோ எண்டு. இனிப் பயமில்லை."

பிறகு கையை நீட்டி மகளின் முழங்காலில் வைத்தார்.

"இப்ப மூடு பிள்ளை."