சாமை மூட்டைகளுக்கு நடுவே ஒரு சண்டை

கள்ளக்குறிச்சி கடைவீதியில், தம்பியின் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கும் சுஐப், இருபத்திரண்டு வருடம் சென்னையில் டப்பிங் பேசியவர். மனைவி ஷாஜியாவுக்கும் அதே தொழில்தான். வழி தவறிப் பூமிக்கு வந்துவிட்ட வேற்றுக்கிரகத்துக் கணவன் மனைவியைப் பற்றிய ஒரு வெளிநாட்டுச் சிரிப்புப் படத்துக்கு, இருவரும் ஒரே மைக் முன்னால் நின்று தமிழ் பேசினார்கள். வீட்டில் எப்படிச் சண்டை போடுவார்களோ அப்படியே பேசச் சொன்னார்கள். அது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை.

ஷாஜியா சிறுநீரகக் கோளாறில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சுஐப் ஊருக்குத் திரும்பி, தம்பி கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். வாடிக்கையாளரிடம் அளவு கேட்பதைத் தவிர அவர் வாய் திறப்பது அபூர்வம்.

போன வருடம் ஸ்டுடியோவிலிருந்து பிரவீன்குமார் போன் செய்தார்.

"அந்தப் படத்தைக் கார்ட்டூன் தொடரா எடுத்திருக்காங்க சார். புருஷனுக்கு நீங்கதான் பேசணும். பொண்டாட்டிக்கு செந்தமிழ்ச்செல்வின்னு புதுசா ஒரு பொண்ணு. இப்பல்லாம் தனித்தனியா பேசி அனுப்பிட்டா போதும்."

இரண்டு நாள் கழித்துத்தான் சரி என்றார்.

கடைவீதியில் ஹாரன் சத்தம் ஓயாது. ஆகவே வெள்ளிமலையில் தெரிந்தவரான தங்கதுரையிடம், சாமை மூட்டை அடுக்கும் அறையைப் பகலுக்கு மட்டும் கேட்டு வாங்கினார். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிக்கொண்டன. காலை பஸ்ஸில் மலையேறிப் பேசுவார். மாலை இறங்கி வந்து அனுப்புவார்.

"உள்ள யார்கிட்ட கத்திக்கினு இருக்கீங்க?" என்று ஒருநாள் தங்கதுரை கேட்டார்.

"வேலைங்க" என்றார் சுஐப்.

ஏழாவது பாகத்தை அனுப்பிய மறுநாள் பிரவீன்குமார் தயங்கியபடி கூப்பிட்டார். "சார், பொண்டாட்டி பேச வேண்டிய இடத்துலயும் நீங்களே பேசியிருக்கீங்க. முழு பாகமும்."

சுஐப் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார். உண்மைதான். 'இன்னா, வழி தெரியாதுன்னா கேக்கறதுக்கு இன்னா கேடு?' என்று ஷாஜியா இழுக்கும் இழுப்பு அப்படியே அவர் தொண்டையிலிருந்து வந்திருந்தது. பேசியதே அவருக்கு நினைவில்லை. வெட்கமாக இருந்தது.

"அழிச்சுடுங்க. வேற பேசி அனுப்பறேன்."

அன்று சாயங்காலமே செந்தமிழ்ச்செல்வி போனில் கூப்பிட்டாள். அதுவரை இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"அழிக்க வேணாங்க. படத்துல ஷாஜியா அக்கா பேசின அந்தப் பேச்சு ஆறு பாகமா எனக்கு சரியா வரல. நேத்து நீங்க பேசினத கேட்டப்பறந்தான் அக்கா எங்க நிறுத்துவாங்கன்னு புரிஞ்சுது. மீதிக்கும் இதே மாதிரி பேசித் தரீங்களா?"

சுஐப், "கோவம் வந்தா அவ மெதுவாத்தான் பேசுவா. நான் கேட்ட பாகங்கள்ல நீங்க கத்தறீங்க" என்றார்.

மீதிப் பத்தொன்பது பாகங்களுக்கும் இரண்டு குரலிலும் பேசி அனுப்பினார். அதைக் கேட்டுச் செந்தமிழ்ச்செல்வி தன் பங்கைப் பேசினாள். அந்த நாட்களில் மலையிலிருந்து இறங்கவே அவருக்கு மனம் வராது. பல தடவை கடைசி பஸ்ஸைத்தான் பிடித்தார்.

தொடர் ஒளிபரப்பானபோது தம்பி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அண்ணி பேசறா மாதிரியே கீது" என்றான் தம்பி.

"இல்ல" என்றார் சுஐப். "அந்தப் பொண்ணு நல்லா பேசுது. ஆனா அது அவ இல்ல."

அடுத்த நாளிலிருந்து தொடர் ஓடும் நேரத்தில் அவர் அதைப் பார்க்காமல் கடையில் இருந்தார். செந்தமிழ்ச்செல்வி மட்டும் எப்போதாவது போன் செய்து, அக்காவைப் பற்றி ஏதாவது கேட்பாள். அவரும் சொல்வார்.