நான் அளக்காத வீடு

ஆஸ்டினுக்குத் தனியாகத்தான் போனேன். ஹூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரம். விசாரணை பத்து மணிக்கு. எட்டரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

வக்கீல் வைக்கவில்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். அந்த வேலைக்கு எந்தத் தமிழர் வந்தாலும் ஹூஸ்டனில் அவருக்கு நாலு பேரைத் தெரிந்திருக்கும்.

நான் வீட்டு அப்ரைசர். ஒருவர் வீடு வாங்க பேங்க் கடன் கொடுப்பதற்கு முன்னால், அந்த வீடு அவ்வளவு பெறுமா என்று நேரில் பார்த்து, அளந்து, எழுதிக் கொடுக்கிற வேலை. படித்தது பத்தாவது. ஈரோட்டுப் பக்கம். அக்கா ஸ்பான்சர் செய்து அமெரிக்கா வந்தேன். முதலில் மோட்டலில் வேலை, பிறகு பெட்ரோல் பங்க். அப்புறம் ஒரு வெள்ளைக்கார அப்ரைசருக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அளக்கும்போது யாரும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்தது. அவர்தான் பரீட்சை எழுதச் சொன்னார். மூன்றாம் தடவை தேறினேன். மாநில போர்டு லைசென்ஸ் கொடுத்தது. அது தபாலில் வந்த அன்றைக்கு வீட்டில் காட்ட ஆள் இல்லை. மனைவி இரண்டு வருடம் ஹூஸ்டனில் இருந்து பார்த்தாள். பிடிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை.

அந்த லைசென்ஸைப் பிடுங்கலாமா என்பதுதான் அன்றைய விசாரணை.

நடந்தது இதுதான். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே புதுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தமிழர் வீடு. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். நியூஜெர்சிக்கு மாற்றலாகிப் போகிறார், வீட்டை ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கு விற்கிறார். அந்தப் பெண்ணின் பேங்க் என்னை அனுப்பியது. வியாழக்கிழமை காலை பதினோரு மணி என்று அவரிடம் ஃபோனில் பேசி வைத்திருந்தேன்.

போனபோது தெருவெல்லாம் கார். கதவு திறந்து கிடந்தது. வெளியே செருப்புகள். ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அவருடைய அப்பா முந்தின நாள் இறந்துவிட்டார். உடல் ஃப்யூனரல் ஹோமில் இருந்தது. மறுநாள் ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

என் கையில் டேப்பும் அட்டையும் இருந்தன. திரும்பப் போய் காரில் போட்டுவிட்டு வந்தேன். ஷூவைக் கழற்றினேன். கூடத்தில் கார்ப்பெட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக நானும் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“சாரி சார், உங்களுக்கு கால் பண்ணவே மறந்துட்டேன். நீங்க பாட்டுக்கு பாருங்க. அடுத்த வாரம் க்ளோசிங் வேற வச்சிருக்காங்க, வீட்ட எழுதிக் குடுக்கணும்.”

“இருக்கட்டுங்க.”

“பரவால்ல சார். மாடில யாரும் இல்ல.”

“இருக்கட்டுங்க. நீங்க போயி உக்காருங்க.”

பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். குனிந்து கேட்டார்.

“நீங்க யாரு, இவன் ஆஃபீஸா?”

“இல்லீங்க.”

“சொந்தமா?”

“இல்லீங்க. வீடு பாக்க வந்தனுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நல்ல நாள் பாத்தீங்க சார். இன்னிக்குக் கேட்டா கொறச்சுக் குடுப்பான்னா?”

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரம் இருந்தேன். யாரோ காபி கொடுத்தார்கள். குடித்தேன். அவ்வளவு பேருக்கு நடுவில் உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது. அதனால்தான் அவ்வளவு நேரம் இருந்தேனோ என்று பின்னால் யோசித்திருக்கிறேன். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன். துக்க வீட்டில் அப்படித்தான். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி போனேன். அவர்கள் உடலோடு விமானம் ஏறிவிட்டார்கள். வீடு பூட்டியிருந்தது. விற்றுக் கொடுக்கிற ஏஜென்டிடம் சாவி இருந்தது. ஒரு ஃபோன் செய்தால் கொண்டுவந்து கொடுத்திருப்பார். செய்யவில்லை. செத்தவர் படம் உள்ளே எங்கேயாவது வைத்திருப்பார்கள், அதன் முன்னால் தனியாக டேப்பை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். வெளியே நின்று போட்டோ மட்டும் எடுத்தேன்.

அதே கம்பெனி அதே மாதிரி கட்டிய வீடு ஒன்றை இரண்டு தெரு தள்ளி முன்பே அளந்திருந்தேன். அந்தக் கணக்கை எடுத்து இதற்கு எழுதினேன். உள்ளும் புறமும் நானே பார்த்தேன் என்று படிவத்தில் அச்சடித்திருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பேங்க்காரருக்கு ஃபோன் போட்டு, இந்த வேலை என்னால் முடியவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அந்த மாதிரி வீடுகளில் சிலதில் கூடத்துக்கு மேலே மாடியில் ஒரு அறை இருக்கும். சிலதில் அறை போடாமல் கூடத்தைக் கூரை வரைக்கும் திறந்து விட்டிருப்பார்கள். நான் முன்பு அளந்ததில் அறை இருந்தது. இதில் இல்லை. வாங்கின பெண் கார்ப்பெட் மாற்ற ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் அளந்து பார்த்து, பேப்பரில் இருக்கிற ஒரு அறை வீட்டில் இல்லையே என்றானாம். அவள் போர்டுக்கு எழுதிவிட்டாள்.

விசாரணைக்கு இரண்டு வாரம் முன்னால் விற்றவர் நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டார்.

“சார், எனக்கே கில்ட்டியா இருக்கு. நீங்க வந்து ஃபுல்லா அளந்தீங்கன்னு நான் லெட்டர் குடுத்துடறேன். அளக்கும்போது ஏதோ மிஸ்டேக் ஆயிடுச்சுன்னு நீங்க சொல்லிக்கலாம். மிஸ்டேக்குக்கெல்லாம் லைசென்ஸ எடுக்க மாட்டாங்க.”

“வேண்டாங்க.”

“ஏன் சார்?”

“அளக்கலீங்களே.”

“உங்க இஷ்டம் சார்” என்று வைத்துவிட்டார். அவரை நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

விசாரணை அறை சின்னது. நீள மேஜைக்குப் பின்னால் போர்டு உறுப்பினர்கள். எதிரே நான், ஒரு மைக், ஒரு கிளாஸ் தண்ணீர். புகார் கொடுத்த பெண் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அரசு வக்கீல் கேட்டார். எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகவே கேட்டார்.

“வீட்டுக்குள் போனீர்களா?”

“போனேன்.”

“எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?”

“ஒரு மணி நேரம்.”

“எதையெல்லாம் பார்த்தீர்கள்?”

“எதையும் பார்க்கவில்லை.”

“ஒரு மணி நேரம் என்னதான் செய்தீர்கள்?”

“உட்கார்ந்திருந்தேன்.”

யாரோ சிரித்தார்கள். சாவு நடந்த வீடு, அளக்கக் கூடாது என்று சொன்னேன். யார் கூடாது என்றது என்று கேட்டார். யாரும் இல்லை, நானாகத்தான் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு போட்டோவைக் காட்டினார். எந்த வீடு என்று முதலில் தெரியவில்லை. கார்ப்பெட் மாற்றுவதற்கு முன்னால் எடுத்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அதே கூடம். மேலே இரண்டு மாடி உயரத்துக்கு வெறுமையாக இருந்தது. நீளக் கம்பியில் ஒரு ஃபேன் தொங்கியது. ஏறக்குறைய அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அண்ணாந்து பார்க்கவே இல்லை.

உறுப்பினர்களில் ஒரு அம்மாள் கேட்டார். “இதே மாதிரி இன்னொரு வீட்டுக்குப் போக நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?”

“அளக்க மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்.”

இருபது நிமிடம் வெளியே இருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டு வாசித்தார்கள். லைசென்ஸைப் பிடுங்கவில்லை. ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். மறுபடி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் காட்ட வேண்டும். சரி என்றேன். சட்டைப் பையிலிருந்து லைசென்ஸ் கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன். தபாலில் அனுப்பினால் போதும் என்றார்கள். பரவாயில்லை என்றேன்.

வெளியே வரும்போது அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“வீட்டில் ஒருவர் இறந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை” என்றாள்.

“வயதானவர். விற்றவருடைய அப்பா.”

“அங்கேயே இறந்தாரா, ஆஸ்பத்திரியிலா?”

“தெரியாது.”

“எந்த அறையில் இருந்தார்?”

“தெரியாது. நான் எந்த அறையும் பார்க்கவில்லை.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. “அந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். அதனால் கேட்டேன்” என்றாள். பிறகு, “அவர் பெயர் என்ன?” என்றாள்.

அதுவும் எனக்குத் தெரியாது. கூடத்தில் அவ்வளவு பேர் இருந்தார்கள். ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டு காருக்குப் போனாள்.