வெள்ளை ஏரியாவில் ஒரு வீடு

போன சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஒரு கிராஃப் தாள். வாசல் மேசையில், என் நாளிதழின் மேல் அதை விரித்து வைத்திருந்தார்கள். தாளின் மேல் ஒரு முழங்கை. முழங்கைக்குச் சொந்தக்காரி எதிர்வீட்டு கவிதா.

கவிதா இப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருக்கிறாள். மலாக்காவைச் சுற்றி வேலை கிடைக்கும் ஊர்களையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் வாடகை, பஸ், வெயில் என்று கட்டம் போட்டிருந்தாள்.

"அங்கிள், நீங்க பேப்பர்ல வேலை செஞ்சவருதானே. சுங்கை ஊடாங்கா, குருபோங்கா? சொல்லுங்க லா."

"எதுல சம்பளம் கூட?"

"சம்பளம் ரெண்டும் ஒண்ணுதான். சுங்கை ஊடாங்ல கடல் காத்து, ஆனா வாடகை கூட. குருபோங்ல வாடகை கம்மி, வெயில் மண்டையைப் பொளக்குது. எனக்கு ரெண்டும் வேணும். கம்மி வாடகை, நல்ல கிளைமேட்."

"கேமரன் மலைக்குப் போயேன்."

"அங்க ஃபேக்டரி இருந்தா நேத்தே போயிருப்பேன். சாரி அங்கிள், உங்க பேப்பர்ல டீ ஊத்திடுச்சு."

தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் ஈரமான நாளிதழோடு உட்கார்ந்திருந்தேன். செய்தி படிக்க ஓடவில்லை... நானும் இப்படி ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். கல்லூரி முடித்த மாதத்தில், ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில். வாடகை, பஸ், வெயில் - எல்லாம் இருந்தன. இவளுக்குத் தேவைப்படாத ஒரு கட்டமும் இருந்தது. அந்த ஊர் கறுப்பா, வெள்ளையா?

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. காட்டில் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், ரோட்டில் துப்பாக்கியோடு ராணுவம், நடுவில் நாம். ஆபத்தான பகுதி என்றால் கறுப்பு ஏரியா. அங்கே ஊரடங்கு உண்டு, அரிசிக்கு அளவு உண்டு, காட்டுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று வெளியே போகிறவனின் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பதும் உண்டு. கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டால் அது வெள்ளை ஏரியா. மலாக்காவின் கடலோரம் சீக்கிரமே வெள்ளையானது. பெம்பான் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் கறுப்பாகவே கிடந்தது.

தோட்டத்தில் எனக்கு இருந்தது ஓர் அக்கா. பாக்கியம். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அப்பா, அம்மா இருவரும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள். நான் சிங்கப்பூரில் படித்தது பாதி உபகாரச் சம்பளத்தில், மீதி அக்கா ரப்பர் மரத்தில் பால்வெட்டிய சம்பளத்தில். அக்காவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். மூச்சுதான் குறைவு. இழுப்பு நோய்.

படிப்பை முடித்துத் திரும்பிய மாதம் நல்ல மழை. ஒருநாள் சாயங்காலம் அக்காவுக்கு இழுக்க ஆரம்பித்தது. அப்போது மணி ஏழேகால். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளைச் சுற்றி முள்வேலி. அதன் கேட்டை ஏழு மணிக்குப் பூட்டினால் காலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளரை டிரஸர் என்போம். அவருடைய வீடு வேலிக்கு அந்தப் பக்கம், நடந்தால் ஐந்து நிமிடம். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம் கெஞ்சிப் பார்த்தேன். சாவி அவரிடம் இல்லை என்றார். உண்மையாகவே இல்லை. அக்கா விடியும்வரை கதவு நிலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

காலையில் டிரஸர் ஊசி போட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இங்க பாருப்பா, இந்தப் பனியில பால்வெட்டு இதுக்கு ஆகாது. ரொம்பக் குளிரும் ஆகாது, ரொம்ப வெயிலும் ஆகாது. நடுத்தரமா ஒரு ஊரு பாரு. ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வழி இருக்கணும். இன்னொரு தரம் இப்படி அடைச்சுக் கிடந்தா நான் பொறுப்பில்ல."

அன்று மத்தியானம்தான் அந்தச் சிவப்பு மைக் கட்டத்தைப் போட்டேன்.

முதலில் அடிபட்டது கேமரன் மலை. அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் வேலை தருவதாகக் கடிதம் வந்திருந்தது. வாடகையில்லா வீடு, அதில் குளிர்காய அடுப்பு வேறு. மலாயாவில் பிறந்தவனுக்குக் கம்பளிச் சட்டை போட ஒரு காரணம் கிடைப்பது லேசான விஷயமா? கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். ஆனால் குளிர் அக்காவுக்கு ஆகாது. மலைக்குப் போகிற ரோட்டிலோ ராணுவ வண்டி முன்னும் பின்னும் வந்தால்தான் பயணம்.

அடுத்து பெம்பான் தோட்டப் பள்ளி. வீடு சும்மா. ஆனால் அதே வேலி, அதே கேட்.

மிஞ்சியது மலாக்கா பட்டணம். ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. மூன்றிலும் சம்பளம் குறைந்தது இதுதான், வீடும் தரமாட்டார்கள். ஒரு வாரம் சைக்கிளில் அலைந்து கிளேபாங்கில் ஒரு பலகை வீட்டைப் பிடித்தேன். மீன்பிடிக்கிற மலாய்க்காரர் ஒருவருடையது. பின்பாதியில் அவர் குடும்பம், முன்பாதி எங்களுக்கு. வாடகை என் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. ஆஸ்பத்திரிக்கு பேச்சாவில் போய்விடலாம், அதாவது மூன்று சக்கர ரிக்‌ஷாவில்.

வெற்றியோடு அக்காவிடம் வந்து சொன்னேன். கட்டத்தையும் விரித்துக் காட்டினேன்.

"நான் வரல," என்றார் அக்கா.

"ஏன்?"

"எனக்கு நான் வெட்டுற மர நெரை இருக்கு. என் மரம் இருக்கு. நீ போ. மாசம் ஒரு தடவ வந்து உசுரோட இருக்கேனான்னு பாத்துட்டுப் போ."

"அக்கா, அது வெள்ளை ஏரியா. இங்க மாதிரி இல்ல."

"அதான் தெரியுமே," என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நான் மட்டும் வேலையில் சேர்ந்தேன். அடுத்த இரண்டு மாதமும் சனிக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து போய்ச் சொல்லிப் பார்த்தேன். கடல் காற்றைச் சொன்னேன். வாடகையைச் சொன்னேன். டிரஸர் சொன்னதைச் சொன்னேன். "நீ காலேஜ்ல படிச்சது இந்தக் கட்டம் போடத்தானா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு முறை இழுத்தது. ஆபீஸில் என்னைக் கேட்டு யார் வந்தாலும், தோட்டத்திலிருந்தா என்றுதான் முதலில் கேட்பேன்.

அக்கா வராத காரணத்தை நானாகவே கண்டுபிடித்துக்கொண்டேன். ரப்பர் மரத்தின் மேல் பாசம். பத்து வருடம் வெட்டிய மரத்தைப் பிரிய மனமில்லை... இதை ஒரு கட்டுரையாக எழுதி ஞாயிறு இதழுக்கு அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். அச்சில் வந்த என் முதல் எழுத்து அது. அக்கா நான்காம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். கட்டுரையில் பெயர் எதுவும் போடவில்லை.

"யாருடா இந்தப் பொம்பள? மரத்தக் கட்டிப் புடிச்சு அழுவுறா. நல்ல பைத்தியமா இருப்பா போல."

நான் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. நான் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கேட்டில் வரிசை. எனக்கு நாலு பேர் முன்னால் அக்கா, பால் வாளியோடு. காவலுக்கு இருந்தவர் மருதமுத்து, சாவி இல்லை என்று அன்று சொன்ன அதே கான்ஸ்டபிள். தூக்குச் சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சோறு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் தேத்தண்ணிக்குத்தான் அனுமதி.

"என்னக்கா, தம்பி கடலோரமா வீடு பாத்துருக்காராமே. வெள்ளை ஏரியா. குடுத்து வச்சவங்க."

"ஆமா, பெரிய குடுப்பன. அங்க போயி எந்தத் தொரசாணிக்குத் துணி தொவைக்கிறது?"

"தொரசாணியா?"

"பின்ன? வெள்ளக்காரன் இருக்குற ஏரியாவுல நம்மள எதுக்கு வச்சிருப்பான்? வெத்தல போட்டுத் துப்ப முடியுமா, ஒரு கோழி வளக்க முடியுமா? இவன் வாடகை கம்மிங்கிறான். வெள்ள ஏரியான்னா வெள்ளி ஏரியாவாத்தான் இருக்கும். கடன வாங்கிட்டு எங்கிட்ட மறைக்கிறான்."

நம் ஊரில் டாலரை வெள்ளி என்போம். அந்த வெள்ளி இந்த வெள்ளையோடு சேர்ந்து அக்காவின் தலையில் இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மருதமுத்து டார்ச்சை அணைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கட்டுரை ஞாபகம் வந்தது. மருதமுத்துதான் அக்காவுக்கு விளக்கினார்.

"அக்கா, வெள்ளக்காரன் ஏரியா இல்லக்கா அது. கேட்டு இல்லாத ஏரியா. ஊரடங்கு இல்ல. சட்டியத் தொறந்து பாக்க என்னைய மாதிரி ஆளும் இல்ல."

அக்கா சட்டியை மூடினார்.

"ராத்திரி?"

"ராத்திரி வெளிய நடக்கலாம்."

"எத்தன மணி வரைக்கும்?"

"விடிய விடிய நடங்க. யாரு கேக்குறது?"

அக்கா திரும்பி என்னைத் தேடினார். வரிசையைவிட்டு என்னிடம் வந்தார்.

"காத்து காத்துன்னு ரெண்டு மாசமா ஊதுனியே, இத ஏன்டா சொல்லல?"

ஊர் தேடுகிறவன் காற்றை அளக்கிறான், வாடகையைக் கேட்கிறான். எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிறகு முப்பது வருடம் பத்திரிகையில் செய்தி எழுதினேன். 'வெள்ளை ஏரியா' மாதிரி ஒரு வார்த்தை வந்தால், பக்கத்தில் அதற்கு அர்த்தம் எழுதாமல் விட்டதில்லை.

அந்த மாதச் சம்பளம் வாங்கிய கையோடு அக்கா தோட்டத்து வேலைப் பதிவில் தன் பெயரை வெட்டிக்கொண்டார். லைன் வீட்டைக் காலி செய்தோம். சாமான் என்று இரண்டு பெட்டி, ஒரு ஆட்டுக்கல், ஒரு பாய். அடையாள அட்டையில் விலாசம் மாற்றப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மேசையில் இருந்த மலாய்க் கார்ப்பரல், வேலை உள்ள பெண் ஏன் தோட்டத்தை விட்டுப் போகிறாள் என்று கேட்டார். சந்தேகப்பட வேண்டிய காலம், அவர் கேட்டதில் தப்பில்லை. நான் டிரஸரின் சீட்டைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டார்.

"அங்கின் பாயிக், துவான்." காற்று நல்லா இருக்கு, ஐயா.

கார்ப்பரல் தலையாட்டி முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"காத்துக்காகவா வர்றே?"

"போலீஸ்காரங்கிட்ட, ஒங்க கேட்டு புடிக்கலன்னா சொல்ல முடியும்? வாயப் பொத்திட்டு நட."

கிளேபாங்கில் இழுப்பு முழுசாகப் போய்விடவில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும். வந்தால் பேச்சாக்காரரைக் கூப்பிடுவேன். இருபத்தைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி.

நாங்கள் குடிபோனது ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் பெட்டிகளை இறக்கினோம். அக்கா அடுப்பு மூட்டி ரசம் வைத்தார், கருவாடு பொரித்தார். வீட்டுக்கார அம்மா ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ஏழு மணிக்குச் சாப்பிட்டோம். அக்கா பாத்திரம் கழுவி வைத்தார், விளக்கைத் துடைத்தார், பாயை விரித்தார். பிறகு கொஞ்ச நேரம் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எட்டு இருபதுக்கு அக்கா தனியாக வெளியே நடக்கப் போனார். ஒன்பது பத்துக்குத் திரும்பி வந்தார்.