வெளியூர் ஆட்டம்

இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடமாக என்னை யாரும் தொட்டதில்லை. மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு நெஞ்சில் தட்டிப் பார்த்ததை நான் சேர்க்கவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கடதாசியை மேசைமேல் தள்ளிவிடுவார்கள். கடையில் மிச்சக் காசைக் கையில் தராமல் ஒரு சின்னத் தட்டில் வைப்பார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, பேர்லினில் ஒரு புல்வெளியில், மலைபோல் ஒருவன் ஓடிவந்து என்னை இடுப்போடு கட்டிப்பிடித்து நிலத்தில் சாய்த்தான். எழுந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "அலஸ் கூட்?" என்றான். எல்லாம் நலமா என்று கேட்கிறானாம். விலா வலித்தது. வலிக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன், அவ்வளவுதான்.

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் நான் பாத்திரம் கழுவிய உணவகத்தில் யென்ஸ் சமையல்காரன். தன் ரக்பி லீக் அணிக்கு ஆள் போதவில்லை என்று அவன்தான் என்னை இழுத்துப் போனான். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுபவனை விழுத்துவார்கள். ஆறாம் தரம் விழுந்தால் பந்து மற்றவர்களுக்கு. எனக்கு ஓட மட்டும் தெரியும். ஓரத்தில் நிறுத்தி, ஐந்தாம் இலக்கச் சட்டை தந்தார்கள். 2006 கோடையில் பேர்லினிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த கழகங்கள் சில சேர்ந்து ஒரு சிறு கிண்ணப் போட்டி வைத்தன. ஒரு ஆட்டம் தோற்றால் அத்தோடு சரி.

முதல் இரண்டு சுற்றும் பேர்லினிலேயே நடந்தன. இரண்டிலும் வென்றோம். இரண்டாவதான அரையிறுதியில் நான் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்துப் புள்ளி எடுத்தேன். நாலு பேர் என்மேல் விழுந்து கத்தினார்கள். நானும் கத்தவேண்டும் என்று தெரிந்தது, பந்தைத் துடைத்து நடுவரிடம் கொடுத்தேன். இறுதியாட்டம் எங்கே என்று சீட்டுக் குலுக்கினார்கள். நகரத்துக்கு வெளியே, பிராண்டன்பூர்க் மாநிலத்தில், எதிரணியின் ஊர் விழுந்தது. நான் வரமுடியாது என்று யென்ஸிடம் சொன்னேன்.

"ஏன், யார் விடவில்லை? மனைவியா?"

"மனைவி இல்லை. அலுவலகம்."

யென்ஸ் சிரித்தான். என் ஜெர்மன் பிழை என்று நினைத்து, மெதுவாகத் திருப்பிக் கேட்டான். சட்டைப்பையிலிருந்த அகதி விண்ணப்ப அட்டையைக் காட்டினேன். பேர்லினுக்குள் மட்டும் தங்கலாம், அனுமதியின்றி எல்லை தாண்டக்கூடாது என்று அவனுடைய மொழியிலேயே அடித்திருந்தது. தன் நாட்டில் இப்படியொரு சட்டம் இருப்பதை அவன் என்னிடமிருந்துதான் அறிந்துகொண்டான்.

அலுவலகத்தில் அன்ட்ராக், அதாவது வெளியே போக அனுமதி விண்ணப்பம், எழுதிக் கொடுத்தேன். வக்கீல், வைத்தியர், உறவினர் சாவு என்றால் பார்க்கலாம், விளையாட்டு காரணமில்லை என்றார் அங்கிருந்த பெண். கெட்டவர் அல்ல, தலைவலிக்காரர் மாதிரி இருந்தார். சொல்லாமல் போய்வந்துவிடலாமா என்று அறையில் கூட இருந்த செல்வண்ணையிடம் கேட்டேன்.

"போன வருசம் பேர்லினை விட்டு வெளியில போய் ஒருக்காப் பிடிபட்டனீர். இன்னொருக்கா எண்டா உம்மட அகதிக் கேஸே பழுதாப் போகும். ஒரு பந்துக்காகப் போய் மாட்டாதையும்."

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகவும் இராணுவத்தின் கிளியரன்ஸ் என்ற அனுமதி எடுக்கவேண்டும். வெயிலில் வரிசையில் நிற்கும்போது கடதாசியைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பேன். ஆனால் தடை கண்ணெதிரே நிற்கும்: மண்மூட்டை, முட்கம்பி, துவக்கு. இங்கே ஒன்றுமில்லை. பஸ் நிற்காமலே தாண்டிப்போகும் ஒரு கோடு. அதற்குப் பயப்படக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது.

யென்ஸ் எதிரணித் தலைவனுக்குத் தொலைபேசினான். அவனும் முதலில் பகிடி என்றுதான் நினைத்தானாம். பிறகு, "அப்படியென்றால் நாங்கள் வருகிறோம்" என்று சொல்லிவிட்டான். ஒரு மனிதனுக்காக ஒரு முழு அணி பஸ் பிடித்து வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றி சொல்லப் போய், "மழை வராது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு புள்ளியால் தோற்றோம். கடைசி நிமிடத்தில் பந்து என்னிடம் வந்தது. கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது மூன்று பேர் சேர்ந்து என்னை அமுக்கினார்கள். யாரும் என்னைக் குறைசொல்லவில்லை. வழக்கம்போல வியர்த்த சட்டைகளைக் கழற்றித் தோய்ப்பதற்கான பெரிய பைக்குள் எறிந்தோம். வென்றவர்களின் ஊரில் அடுப்பு மூட்டி, இறைச்சியும் பியரும் காத்திருந்தன. "எல்லாரும் வாருங்கள்!" என்றான் அவர்களின் தலைவன். எங்கள் ஆட்கள் பஸ்ஸுக்குள் பாய்ந்தார்கள். பை ஏறியது. கிண்ணம் ஏறியது. படியில் கால் வைத்தபிறகுதான் யென்ஸுக்கு என் அட்டை நினைவு வந்தது. அவன் முகம் சிவந்துபோயிற்று.

"நானும் நிற்கிறேன்," என்றான்.

"போ. எனக்கு வேலை இருக்கிறது," என்று அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

அடுத்த வாரம் யென்ஸ் அந்த விருந்தில் எடுத்த ஒரு படம் தந்தான். இரண்டு அணிகளும் கலந்து நிற்கின்றன, நடுவில் கிண்ணம், எல்லார் வாயும் திறந்திருக்கிறது. முன்வரிசையில் இருவர் என் ஐந்தாம் இலக்கச் சட்டையைத் தோள்களில் பிடித்து விரித்து வைத்திருக்கிறார்கள், உள்ளே ஆள் நிற்பதுபோல. நல்ல மனதோடு செய்தது. வேறு படம் இல்லாததால் அதையே அம்மாவுக்கு அனுப்பினேன். ஜெர்மனியில் நினைத்த இடத்துக்குப் போய்வருகிறேன் என்றுதான் அவருக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

கடிதம் கிடைத்ததும் தொலைபேசியில் கேட்டார்:

"எல்லாரையும் பாத்திட்டன் ராசா. நீ எங்கை நிக்கிறாய்?"

"படம் எடுத்தது நான்தானம்மா," என்றேன்.