சோழபுரத்தில் எடுத்த ஒரே படம்

புரட்டாசி சனிக்கிழமைக்குத் திருவண்ணாமலை போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் "கிரிவலமா?" என்றார்கள். அது இல்லை சாமி. இது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான்கே கிலோமீட்டரில் இருக்கும் மலைப் பெருமாள் கோயில். சனிக்கிழமை அங்கே, ஞாயிறு செண்பகத்தோப்பு, இரவு பஸ்ஸில் கோவை திரும்புவது என்று திட்டம். வெயிலிலும் ஈரத்திலும் டிஜிட்டல் கேமராவைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி என்று ஒரு பதிவு எழுதும் ஆசையும் இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத வந்தது வேறு.

வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏசி அறை எடுத்தேன். கேமராவையும் ஏசியிலேயே வைத்துத் தூங்கிவிட்டேன். விடிகாலையில் மலையடிவாரத்தில் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்க நீர்ப்படலம்! துடைத்தேன், மறுபடி மூடியது. மறுபடி துடைத்தேன், மறுபடி மூடியது. கால் மணி நேரம் கழித்து அதுவாகவே தெளிந்தபோது சூரியன் மேலேறிவிட்டது. மொட்டையடித்த பிள்ளைகளும் கோவிந்தா முழக்கமுமாக அதன்பிறகு நல்ல படங்கள் கிடைத்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னை நானே திட்டிக்கொண்டேன். ஏனென்றால் இதை முத்துப்பாண்டி எனக்கு முன்பே சொல்லியிருந்தான்.

முத்துப்பாண்டி என் கல்லூரித் தோழன். ராணுவத்தில் இருக்கிறான், இப்போது லடாக்கில் ஒரு மலைமுகட்டுக் காவல் சாவடியில். சொந்த ஊர், ராஜபாளையம் தாண்டி இருக்கும் சோழபுரம். போன லீவில் வந்தபோது சொன்னான்: "அங்க பேட்டரிய பனியனுக்குள்ள போட்டுக்கிட்டுத்தான்டா தூங்குவோம், இல்லேன்னா குளிர்ல செத்துரும். வெளிய கெடந்த கேமராவ பங்கருக்குள்ள கொண்டாந்ததும் தெறந்தேன்னு வையி, அதுக்கு வேர்த்துரும். பையோட ஒரு ஓரமா வையி. சூட்டுக்குப் பழகட்டும். பொறவு தெற."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, செண்பகத்தோப்புக்குக் கிளம்ப வாடகைக் கார் வந்து நிற்கும்போது, அவனிடமிருந்தே அழைப்பு. சாட்டிலைட் போன். குரல் விட்டு விட்டு வந்தது.

"எலேய், அம்மா போயிட்டாடா. நேத்து சாயங்காலம். நீ வில்லிபுத்தூர் போறேன்னு போன வாரம் சொன்னியே, அங்கதான இருக்க? எனக்கு லீவு குடுத்துட்டாங்க, ரோடுதான் இல்ல. பனி மூடிருச்சு. அம்மா மொகத்த ஒரே ஒரு படம் எடுத்து வையிடா. தெளிவா எடு. நான் பாத்து ஒன்றரை வருசமாச்சு."

லைன் அறுந்துவிட்டது. காட்டை மறந்துவிட்டு டிரைவர் வேல்சாமியிடம் விஷயத்தைச் சொல்லி, சோழபுரம் போகச் சொன்னேன். "மிலிட்டரிக்காரர் வீடா? போவோம் சார்," என்றார். இருபது கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரம்.

தெருவை அடைத்துப் பந்தல். நடுவில் ஐஸ் பெட்டி. காற்றில் அவ்வளவு ஈரம், கண்ணாடி மூடியில் நீர் கோத்துக்கொண்டு உள்ளே முகமே தெரியவில்லை. இரண்டு பெண்கள் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். முத்துப்பாண்டியின் தாய்மாமா என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"எங்க அண்ணன் செத்தப்ப ஒரு பய செல்லுல எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான் தம்பி. பொணத்த எடுக்குறதுக்கு முன்ன ஊரே பாத்துருச்சு. அதான் இன்னைக்கு ஒருத்தனும் செல்ல எடுக்கப்படாதுன்னுட்டேன். நீங்க அவனுக்காக வந்திருக்கிய, கேமராவுல எடுங்க. நீர்மாலை வந்து பெட்டியத் தெறக்கைல எடுத்துக்கிடணும். குளிப்பாட்டுனப்பொறவு எடுக்கப்படாது."

நீர்மாலை என்பது, உடலைக் குளிப்பாட்ட உறவுக்காரர்கள் சங்கும் சேகண்டியுமாகப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவது. பெங்களூரிலிருந்து மகள், முத்துப்பாண்டியின் தங்கை, வந்து சேர்ந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. இந்த முறை நான் ஏமாறுவதாக இல்லை. கேமராப் பையைக் காரில் வைக்காமல் பந்தலிலேயே நிழலில் ஒரு நாற்காலியில் வைத்தேன். புழுக்கத்துக்குப் பழகட்டும் என்று.

புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அன்றைக்கு இரண்டையும் பார்த்தேன். மதியம்வரை மண்டை பிளக்கும் வெயில், பிறகு பிடித்துக்கொண்டது மழை. பந்தல் ஒழுகியது. ஐஸ் பெட்டிக்கு மேல் தார்ப்பாய் பிடிக்க ஓடினோம். அரை மணி நேரத்தில் மழை விட்டு, தரையிலிருந்து ஆவி கிளம்பியது. மகளும் வந்துவிட்டாள். நீர்மாலை திரும்பும் சங்குச் சத்தம் கேட்டது. நாற்காலியைப் பார்த்தால் பை இல்லை.

வேல்சாமி ஓடிவந்து நீட்டினார். "நனைஞ்சிரும்னு காருக்குள்ள எடுத்துட்டுப் போனேன் சார். காரு அடுப்பு மாதிரி கொதிச்சுச்சு, அதான் ஏசியப் போட்டு அதுக்கு நேரா வச்சிருந்தேன்." நல்ல மனிதர். அவரை என்ன சொல்ல முடியும்? பையைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

பெட்டியைத் திறந்தார்கள். மகள் விழுந்து கதறினாள். கேமராவில் வெறும் வெள்ளை. துடைத்தேன், மூடியது. சட்டையில் துடைத்தேன், மூடியது.

"ஆச்சா தம்பி?"

"ஒரு நிமிஷம் மாமா."

"தண்ணி வந்துருச்சு தம்பி." சொல்லிவிட்டு அந்த மனிதர் இரண்டு கைகளையும் விரித்து, கூட்டத்தைத் தன் முதுகால் தடுத்துக்கொண்டு நின்றார், எனக்காக. இன்னொரு முறை துடைத்து, அது மூடுவதற்குள் அழுத்தினேன். ஒரே படம். அதற்குள் பெண்கள் சேலைகளைச் சுற்றிலும் திரையாகப் பிடித்துவிட்டார்கள்.

ஒதுங்கிப் போய்ப் பார்த்தேன். ஓரமெல்லாம் புகை. முகம் மட்டும் தெளிவு. ஆனால் நெற்றியிலும் உதட்டுக்கு மேலேயும் பொடிப்பொடியாக நீர் முத்துகள். நேற்றிலிருந்து ஐஸில் கிடந்த உடம்பு, மழைக்குப் பிந்தைய புழுக்கத்தில் திறந்ததும் நீர் கோத்துக்கொண்டது. லென்ஸுக்கு ஆனதுதான் அம்மாவுக்கும் ஆகியிருந்தது. கேமராவைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் வந்தால் ஏசியிலிருந்து எடுத்த கேமராவை இறுக மூடிய பிளாஸ்டிக் பையிலேயே அரை மணி நேரம் விடுங்கள், நீர் பைக்கு வெளியில் கோக்கும், லென்ஸுக்கு வராது. மூடிய காரில் விடாதீர்கள், அந்தச் சூடு பேட்டரிக்கு ஆகாது. மழையில் நனைந்தால் அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போகும். முக்கியமாக, பையைத் தொடவேண்டாம் என்று டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

முத்துப்பாண்டி கீழ் முகாமுக்கு இறங்கி வர பத்து நாளாயிற்று. படத்தை அனுப்பியிருந்தேன். அந்த நீர்த்துளிகளைக் கணினியில் அழித்துவிடலாமா என்று யோசித்து, அம்மாவின் முகத்தில் கைவைக்க மனம் வராமல் அப்படியே விட்டிருந்தேன். அவன் அழைத்தான்.

"படம் பாத்தேன்டா. அம்மாவுக்கு எம்புட்டு வேர்த்திருக்கு, பாத்தியா? அம்புட்டுக் கூட்டத்துல ஒருத்தர்கூட விசிறலையாடா?"

கேமராவுக்கு ஏன் வேர்க்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவனே அவன்தான்.

"விசிறினோம்டா," என்றேன். "அன்னிக்கு அப்படிப் புழுக்கம். உன் தங்கச்சி பக்கத்துலயே உக்காந்து விசிறிக்கிட்டேதான் இருந்தா."